பொன்தாமரைக்கு ஐந்து துளி

சுவர்ப் பலகையில் இருபத்துநான்கு என்று சிவப்பாக எரிந்தபோது ஞானசுந்தரி தன் கையிலிருந்த சீட்டை மறுபடியும் பார்த்தாள், முப்பத்தொன்று, ஐந்து நிமிடத்துக்கு முன்பும் அது முப்பத்தொன்றாகத்தான் இருந்தது, நடுவில் மாறியிருக்க வழியில்லை என்று தெரிந்தும் பார்த்தாள். மணி பத்து ஐம்பத்தைந்து. உள்ளே போனவரையும் சேர்த்து அவளுக்கு முன்னால் ஏழு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம், ஆகப் பதினொன்றரை. பதினொன்றரை என்றால் தாமரையின் நேரம். உலகத்திலுள்ள அத்தனை மருத்துவர்களும் நோயாளிகளைக் காக்க வைப்பதையே தொழிலின் பாதியாகச் செய்யும்போது இந்தத் தொண்டை மருத்துவர் மட்டும் ரயில்வே கால அட்டவணை போல ஆட்களை உள்ளே இழுத்து வெளியே விடுகிறார், ஐம்பத்துநான்கு வயதில் முதல் தடவையாக, ஐயா கொஞ்சம் தாமதப்படுத்துங்களேன் என்று ஒரு மருத்துவரிடம் கெஞ்சத் தோன்றியது, கெஞ்சினாலும் கேட்காது, குரல்தான் இல்லையே. குரல் இருக்கிறதா இனி வருமா என்று பார்க்கத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறாள், ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொன்ன ஆறு மாதம் இன்றோடு சரி, அதை நினைக்க வேண்டாமென்று கைப்பேசியில் அந்தத் தோட்ட விளையாட்டைத் திறந்தாள். குளத்தின் நடுவில் மொட்டு மூடியபடி நின்றது, பொன்தாமரை விழா, பத்தாம் நாள், கடைசி முறை, பதினொன்று முப்பதிலிருந்து நாற்பது வரை, நீர் ஊற்ற வேண்டியவர் ஞானசுந்தரி. அதன் மேல் பச்சைப் பட்டையில், நேரம் இல்லையா, அரச அனுமதி வாங்குங்கள், நானூற்று நாற்பத்தொன்பது ரூபாய் மட்டும். அந்த ‘மட்டும்’ அவளுக்கு எரிச்சலாக இருந்தது. காசோலையில் தொகைக்குப் பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடாமல் தடுக்கத்தான் ‘மட்டும்’ போடுவார்கள், கேட்கிறவனே போட்டுக்கொள்வது எந்த ஊர் வழக்கம்.

ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறவளுக்கு எரிச்சல் வந்தால் அது மனுவாகத்தான் வரும். அனுப்புநர், பெறுநர், பொருள்: பொன்தாமரை விழா – முறையை மாற்றிக்கொள்வதற்குக் கட்டணம் கோருதல் – ஆட்சேபம் தெரிவித்தல் – தொடர்பாக. பார்வை: ஒன்று, எங்கள் குழுவின் இதே பொருள் குறித்த ஐந்து கடிதங்கள். இரண்டு, தங்களிடமிருந்து பதிலாக வந்த ஒரு சிரிப்புப் பொம்மை. ஐயா, மேற்படி விழாவில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் மொட்டுக்கு நீர் ஊற்ற வேண்டும் என்பதும், ஒரு முறை தவறினாலும் மொட்டு தலை சாய்ந்துவிடும் என்பதும், இன்னின்னார் இன்னின்ன முறை என்று காலை ஆறு மணிக்குப் பெயரைப் பூட்டிவிட்டால் பின்பு அன்றைக்கு மாற்ற முடியாது என்பதும் ஏற்றுக்கொள்ளத்தக்கவையே. ஆனால் காசு கொடுத்தவர் மட்டும் மாற்றலாம் என்பது எப்படி விதியாகும்? விதி என்றால் எல்லாருக்கும், சலுகை என்றால் இல்லாதவருக்கு. இருக்கிறவனுக்குச் சலுகையும் இல்லாதவனுக்கு விதியுமாக ஒரு பூவை வளர்க்கிறீர்களே. இந்த இடத்தில் மனு வழக்கம்போல் நின்றது, ஏனென்றால் அடுத்த வரியில் மீரானைப் பற்றி எழுத வேண்டும், மனுவில் ஆளைப் பற்றி எழுதக் கூடாது.

மீரான் வளைகுடாவில், சலாலாவில் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிற பையன், பையன் என்று இவள் நினைத்துக்கொள்வதுதான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். போன வருடம் இதே விளையாட்டின் தீப விழாவில் முதலில் ஒரு விளக்குக்குக் கட்டினான், அந்த விளக்கு அணையாமலிருக்க அடுத்ததற்குக் கட்டினான், நிறுத்தினால் அதுவரை கட்டியது வீண் என்பதால் மேலும் கட்டினான், இரண்டு மாதம் காயல்பட்டினத்து வீட்டுக்குப் பணம் போகவில்லை. அதை ஒரு நாள் குழு அரட்டையில், கமா புள்ளி எதுவும் இல்லாமல் ஒரே வரியில் எழுதினான். சாத்தூரில் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் பேராச்சிதான் முதலில் எழுதினாள்: இனி இந்தக் குழுவுல எவராச்சும் காசு கட்டுனா வீடு தேடி வந்து சோத்துக் கரண்டியாலயே அடிப்பேன். அன்றைக்கே குழுவின் பெயரை ஓசித் தோட்டம் என்று மாற்றினார்கள். மீரான் மட்டும் இவளுக்குத் தனியாக எழுதினான், காசில்லாமப் பூக்காது மேடம், அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான், ஒரே ஒரு தடவ பூத்துப் பாத்துட்டேன்னா கார்டு நம்பர இதுலேர்ந்து அழிச்சிருவேன். ஒன்பது நாளும் இரண்டு முறையும் ஆகிவிட்டன. விடிகாலை மூன்றரை முறையைக் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகும் டார்வின் முடித்தான், ஏழரையை மீரானே பார்த்தான், ஒப்படைத்தேன் என்று போட்டான், இவள் பெற்றுக்கொண்டேன் என்று போட்டாள். அந்த வழக்கமும் இவள் கொண்டுவந்ததுதான், அலுவலகத்தில் மாறுதலாகிப் போகிறவரும் வருகிறவரும் கையெழுத்துப் போடாமல் பொறுப்பு கைமாறாது, குளத்துக்கு மட்டும் வேறு சட்டமா. முதலில் சிரித்தார்கள், மேடம் தாமரைக்கும் ஃபைல் போட்டுட்டாங்க என்றார்கள், இப்போது அந்த இரண்டு சொல்லும் வராவிட்டால் யாருக்கும் இருப்புக் கொள்வதில்லை.

பெற்றுக்கொண்டேன் என்று போட்டது ஏழு நாற்பதுக்கு. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு, மாலை நாலு மணி இல்லையாம், டாக்டருக்கு ஆபரேஷன் இருக்காம், காலையிலேயே வந்துவிட வேண்டுமாம். ஆறு மணிக்குப் பூட்டிய பெயர் பூட்டியதுதான். சரி, மாற்று நபர் யார் என்று பட்டியலைத் திறந்து பார்த்தாள். வரிசை எண், பெயர், நேரம், மாற்று நபர், குறிப்பு என்று ஐந்து பத்தி போட்டு அவளே தயாரித்த பட்டியல், தன் முறை வராவிட்டால் யாருடைய கைப்பேசியில் யார் தொட்டுவிடுவார்கள், மனைவியா மகனா பக்கத்து மெஷின்காரரா என்று பத்துப் பேருக்கும் கேட்டுக் கேட்டு எழுதிய பட்டியல், அதில் தன் பெயருக்கு நேரே மட்டும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். கோடு. முப்பது வருட சர்வீஸ் போட்ட கோடு. பட்டியல் தயாரிக்கிறவர் பட்டியலில் தவற மாட்டார் என்று எந்த அரசாணையிலும் இல்லை, ஆனாலும் எல்லா அலுவலகத்திலும் கண்காணிப்பாளர்கள் அந்தப் பத்தியில் கோடுதான் போடுகிறார்கள். கணவர் அருள்ராஜும் அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். ஆட்டோவில் வரும்போது குழுவில் சொல்லிவிடலாமென்று தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். சொன்னால் பரவாயில்லை மேடம் கட்டிருங்க என்பார்கள், மீரானே முதலில் சொல்வான், சொல்லிவிட்டு கார்டு எண்ணை அழிக்காமல் வைத்துக்கொள்வான். அதோடு எந்த ஆஸ்பத்திரி, என்ன உடம்புக்கு என்று கேட்பார்கள்.

அதுதான், அவர்களுக்குத் தெரியாது. உலகத்தில் ஞானசுந்தரிக்குக் குரல் போனது தெரியாத பத்துப் பேர் மிச்சமிருந்தார்கள், அந்தப் பத்துப் பேரும் ஒரு குளத்தைச் சுற்றி இருந்தார்கள். கழுத்தில் கட்டி, எடுத்துப் பார்த்தால் கெட்ட கட்டி இல்லை, ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இடப்பக்க நரம்பு தூங்குதும்மா, எழுந்தாலும் எழும், என்றார் மருத்துவர், எழும்பாவிட்டால் என்று அவர் சொல்லாமல் விட்டதை ஆறு மாதமாக இவள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதில் விநோதம் என்னவென்றால், ரகசியக் குரலில் பேசுகிறவளுக்கு எல்லாரும் ரகசியக் குரலிலேயே பதில் சொன்னார்கள். குழம்பில் உப்பு போதுமா என்று இவள் காற்றாகக் கேட்டால் அருள்ராஜும் குனிந்து, போதும் என்று காற்றாகச் சொல்வார், முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர் சாப்பாட்டு மேஜையில் திருடர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஓசூரிலிருந்து மகள் போனில் கிசுகிசுத்தாள், பால்காரர் கிசுகிசுத்தார், பிரிவில் உதவியாளர்கள் கோப்பைக் கொண்டுவந்து காதோரம் கிசுகிசுத்தார்கள், போதாக்குறைக்கு எல்லார் முகத்திலும் சாவு வீட்டுக் களை. தன் வியாதி காய்ச்சல் போலத் தொட்டவரையெல்லாம் பிடித்துக்கொள்கிறது என்று பயந்து அவள் பேசுவதையே நிறுத்தி மெடிக்கல் லீவும் போட்டாள். அந்த லீவில்தான் பார்க்க வந்த மகள் இந்தத் தோட்டத்தைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தாள், பொழுது போகும்மா என்று கிசுகிசுத்தபடி. வணக்கம் என்று தட்டினாள். பத்துப் பேரும் முழுக்குரலில் வணக்கம் என்றார்கள், எழுத்துக்கு ஏது குரல், ஆனாலும் அவளுக்கு அப்படித்தான் கேட்டது. யாரும் குனியவில்லை, என்ன சொன்னீங்க என்று கேட்கவில்லை, பேராச்சி இரண்டாம் நாளே அவளோடு சண்டை போட்டாள், ஆஹா, ஒரு மனுஷி தன்னோடு சண்டை போட்டு எத்தனை வாரமாகியிருந்தது.

ஆகவே, ஐயா, மேற்படி பொருள் தொடர்பாகத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தங்கள் நிறுவனம் எங்களுக்குச் செய்திருக்கும், இல்லை, இது ஆட்சேப மனு, நன்றி மனு அல்ல. தங்கள் நிறுவனம் பூவைக் காட்டிக் காசு பிடுங்குகிறது என்பதையும், பிடுங்குவதற்கு வசதியாகப் பதினொரு பேரை ஒரே குளத்தங்கரையில் கூட்டி வைத்தது என்பதையும், கூட்டி வைத்த அந்தக் காரியத்துக்காக அடியிற்கண்ட கையொப்பதாரர் என்றென்றும், மறுபடியும். ஒரு மனுவை ஒழுங்காகத் திட்டி முடிக்க முடியவில்லை. எத்தனை தடவை தொடங்கினாலும் மூன்றாம் பத்தியில் கண் கலங்கிவிடுகிறது, இப்படிப்பட்ட வரைவை எந்த உதவியாளர் கொண்டுவந்திருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பாள். பலகையில் இருபத்தொன்பது.

பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார், பெஞ்சு ஒரு முறை முனகியது. காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, அறுபதுக்கு மேல் இருக்கும், வந்ததும் எல்லாருக்கும் பொதுவாக, எத்தன ஓடுது என்று கேட்டார், இவள் பலகையைக் காட்டினாள். முப்பத்திரண்டாம் நம்பரு எனக்கு, பேரு இசக்கிப்பாண்டி, முப்பத்திரண்டு வருசம் பஸ் டிரைவரு, பழைய வண்டில எஞ்சினு, டிரைவருக்கு இடப்பக்கந்தான தாயி இருக்கும், இடது காத எஞ்சினுக்குக் குடுத்தாச்சு, வலது இன்னும் ஓடுது என்று யாரும் கேட்காமலே வரலாற்றைச் சொல்லி முடித்தார். இவள் தலையை ஆட்டினாள், ஆறு மாதத்தில் தலை நன்றாகப் பழகிவிட்டது. செவிலி வந்து வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையில் மருந்தை அடித்தாள், கசப்பு, அதன் பின்னால் ஒன்றுமில்லாமை, நாக்கு வேறு யாருடையதோ போலக் கிடந்தது. அப்படியே போய்விடுமோ என்ற பயம் அந்த மரத்த இடத்தின் வழியாகவே கீழே இறங்கியது. பதினொன்று முப்பது. குளத்தில் முதல் துளி மின்னியது, தொட்டாள். உடனே பச்சைப் பட்டை, காத்திருக்க விருப்பமில்லையா, அரச அனுமதி, மூடுவதற்கான பெருக்கல் குறி மூலையில் எறும்பின் அளவு, அதுவும் வானத்தின் நிறத்தில். மூடினாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு துளியாக ஐந்து துளி, ஒரே தடவையில் ஊற்றவிட்டால் பட்டையை ஐந்து முறை காட்ட முடியாது அல்லவா. பதினொன்று முப்பத்திரண்டு, இரண்டாம் துளி. இன்னும் மூன்று, உள்ளே இருக்கும் முப்பதாம் எண்காரர் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறவராக இருந்தால், கர்த்தரே, அவருக்கு நிறையச் சந்தேகங்களைக் கொடும். கதவு திறந்தது. முப்பத்தொண்ணு.

அவள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். செவிலி அலுத்துப் போனவளாக, மருந்து அடிச்சாச்சு, இப்ப வரலன்னா டாக்டர் பன்னெண்டுக்குத் தியேட்டருக்குப் போயிருவாரு, பிறகு அடுத்த வாரந்தான், போன் உள்ள வரக் கூடாது, யார்ட்டயாச்சும் குடுத்துட்டு வாங்க என்றாள். அடுத்த வாரம். ஆறு மாதம் காத்தவளுக்கு ஒரு வாரம் பெரிதில்லைதான், ஆனால் இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். பச்சைப் பட்டை மறுபடி எட்டிப் பார்த்தது, ஒரு தொடல், காசு, எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது, பூ பூத்துவிடும். மீரானுக்குத் தெரியாது. மீரானுக்குத் தெரியாமல் பூத்த பூவைக் காட்டி மீரானைத் திருத்துவதா, போலிச் சான்றிதழ் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தவர்களில் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறாள். மாற்று நபர், கோடு. திரும்பினாள். ஐயா, என்றாள், காற்று. இசக்கிப்பாண்டி எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்திருந்தது அவருடைய எஞ்சின் பக்கம். எழுந்து சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள், குனிந்தாள், ஆறு மாதமாக யாரிடமும் வலியச் சென்று பேசாதவள் ஒரு வேற்று மனிதரின் காதுக்குள் இருக்கிற காற்றையெல்லாம் திரட்டி ஊதினாள்: மினுங்குகிற வெள்ளைத் துளியை மட்டும் தொட வேண்டும், இன்னும் மூன்று வரும், நடுவில் பச்சையாக ஒன்று வந்து காசு கேட்கும், அதைத் தொடவே கூடாது, மூலையிலுள்ள சின்னப் பெருக்கல் குறியைத் தொட வேண்டும், முடிந்ததும் என்னிடம் ஒப்படைக்க வேண்டும்.

அவர் கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு சொன்னார், அந்த நீண்ட நடைக்கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

“வெள்ளயத் தொடணும், பச்சயத் தொடக் கூடாது. அம்புட்டுத்தான? டிப்போல வண்டிய ஒப்படைக்கிற கணக்கா ஒப்படைச்சிருதேன். நீங்க தைரியமாப் போங்க தாயி.”

மருந்துக் கடை ஜன்னலில் நின்றவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசுந்தரிக்குக் கால் தரையில் படாதது போலிருந்தது. தாழ்த்திப் பேச அந்த மனிதருக்குத் தெரியவில்லை, தன் குரலே தனக்கு அரைகுறையாய்க் கேட்கிறவருக்கு எப்படித் தெரியும், அவளுடைய கிசுகிசுப்புக்குப் பதிலாக வந்த ஒரு முழுக்குரல், ஆறு மாதத்தில் முதல் முழுக்குரல், சில்லறை கேட்ட பயணியிடம் சொல்வது போல எந்த இரக்கமும் இல்லாத ஒரு குரல். நன்றி சொல்ல நாக்கு இல்லை, உள்ளே போனாள். நாற்காலி, விளக்கு, மருத்துவர் துணியால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பழிப்புக் காட்டுவது போலிருக்கும் இந்த நிலையில் கௌரவம் என்று ஒன்று மனிதருக்கு இல்லை. குளிர்ந்த கம்பி. ‘ஈ’ சொல்லுங்க. மூன்றாம் துளி ஆகியிருக்குமா. ‘ஈ’. அந்தப் பெருக்கல் குறி எறும்பளவுதானே, அவருடைய விரல் வாழைக்காய் கனம், பட்டையில் பட்டுவிட்டால். இன்னொரு தடவை, நீளமா. ‘ஈ’. நாலாவது. எதிரே திரையில் அவளுடைய தொண்டை ஈரமாக, சிவப்பாக, இரண்டு வெளுத்த இதழ்களோடு தெரிந்தது, மொட்டு என்று நினைத்தாள், நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். மருத்துவர் கம்பியை எடுத்துவிட்டுத் திரையைக் காட்டினார்.

“இடது பக்கம் இன்னும் பெருசா அசையலம்மா, லேசா ஒரு துடிப்புத்தான். ஆனா வலது பக்கத்தப் பாருங்க, தன் எல்லையத் தாண்டி வந்து இடதத் தொடுது. அதோட வேலையையும் சேத்துச் செய்ய ஆரம்பிச்சிருக்கு. சத்தம் வரும். பழைய சத்தம் இல்ல, ஒரு சத்தம்.”

மேற்கொண்டு பயிற்சி, மாதம் ஒரு முறை வந்து காட்டுவது என்று அவர் ஏதேதோ சொன்னார். அவளுக்குத் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் கேட்காமல், பட்டியல் போடாமல், பத்தியில் கோடு போட்டு வைத்திருந்த இடத்தில், யாருக்கும் சொல்லாமல் ஒன்று எழுந்து தன் எல்லையைத் தாண்டி நடந்து போய் நின்றிருக்கிறது, எத்தனை நாளாகவோ. சாப்பாட்டு மேஜையில் அருள்ராஜ் குனிந்து குனிந்து காற்றாகப் பேசியது நினைவுக்கு வந்தது, இரக்கம் என்று எரிச்சல்பட்டாளே, ஒருவேளை அவளைத் தனியாக அந்தக் காற்றில் விட மனமில்லாமல் தானும் அதற்குள் இறங்கி வந்தாரோ என்னவோ, இன்றைக்குப் போனதும் குழம்பில் உப்பு போதாது என்று சண்டை போட வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது மணி பதினொன்று நாற்பத்துநான்கு.

இசக்கிப்பாண்டி அதே இடத்தில், கைப்பேசியை இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். குளத்தின் நடுவில் தாமரை விரிந்து கிடந்தது, மஞ்சள் கொஞ்சம் ஜாஸ்திதான், இத்தனை பேர் தூக்கம் கெட்டுக் காவல் காத்த பூ இவ்வளவு மட்டமான மஞ்சளிலா இருக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது, அடுத்த கணம் அதுவும் அழகாகிவிட்டது. கீழே அரட்டை ஓடிக்கொண்டிருந்தது. காசில்லாமப் பூத்துட்டு மேடம், மீரான். பூத்துட்டு, மறுபடியும் மீரான். கார்ட அழிச்சாச்சு, ஸ்கிரீன்ஷாட் போட்ருக்கேன் பாருங்க. டார்வின் பத்துப் பூ பொம்மை போட்டிருந்தான். பேராச்சி மட்டும், மேடம் இன்னும் ஒப்படைத்தேன் போடல, அது வராம இந்தப் பூ செல்லாது என்று எழுதியிருந்தாள்.

நிழல் பட்டு இசக்கிப்பாண்டி நிமிர்ந்தார். “மூணு தடவ வந்து காசு கேட்டான். நான் ஸ்டாஃப்புன்னுட்டேன்,” என்றார். பணியில் இருக்கிறவரிடம் டிக்கெட் கேட்கிற கண்டக்டரை முறைப்பது போலத் திரையை ஒரு முறை முறைத்துவிட்டு எழுந்து நின்று, கைப்பேசியைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“ஒப்படைச்சிட்டேன் தாயி.”

மனு, அந்த முடியாத மனு, பொருளும் பார்வையும் ஆட்சேபமும் எல்லாம் உதிர்ந்து போய் ஒரே ஒரு சொல்லாகத் தொண்டைக்கு வந்து நின்றது. மரத்துப் போன நாக்கு அதைத் தடவித் தடவி எடுத்தது. அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“பெற்றுக்கொண்டேன்.”

கரகரவென்று, கல்லில் தகரத்தை இழுத்தது போல இருந்தது, அவளுடையது மாதிரியே இல்லை. இசக்கிப்பாண்டி அதற்கென்ன தாயி என்று சாதாரணமாகத் திரும்பிச் சொல்லிவிட்டுத் தன் முப்பத்திரண்டாம் சீட்டோடு கதவை நோக்கி நடந்தார். அவர் பாதி தூரம் போன பிறகுதான் ஞானசுந்தரி கவனித்தாள், தான் நின்றிருந்தது அவருடைய இடப்பக்கம், எஞ்சின் பக்கம்.